கம்பெனி செலவில் ட்ரக் ஸ்கூல்: கடைசியில் யார் காசு, எவ்வளவு காசு?

அமெரிக்காவில் பெரிய ட்ரக் ஓட்ட கிளாஸ் ஏ சிடிஎல் என்கிற லைசென்ஸ் வேண்டும். அதற்குச் சொந்தக் காசு கட்டிப் படிக்கலாம். இல்லையென்றால் ஒரு ட்ரக் கம்பெனியே படிக்க வைத்து, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து, வேலையும் கொடுக்கும். இந்த இரண்டாவது வழியைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதிலும் முக்கால்வாசி கேள்வி பணத்தைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். தொகைகள் மாநிலத்துக்கு மாநிலம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு பிடிமானம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கம்பெனி ஸ்பான்சர்" என்றால் சரியாக என்ன?

ஒரே பெயரில் மூன்று வகை ஓடுகிறது, அதில்தான் பாதிக் குழப்பம்.

முதல் வகையில் கம்பெனிக்கே சொந்தமாகப் பள்ளி இருக்கும், அல்லது ஒரு பள்ளியோடு ஏற்பாடு இருக்கும். நீங்கள் காசு எதுவும் கட்டாமலோ கொஞ்சம் கட்டியோ சேருவீர்கள். பதிலுக்கு இத்தனை மாதம் அல்லது இத்தனை மைல் அவர்களுக்கு ஓட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுவீர்கள். சி.ஆர். இங்கிலாந்து, சிஆர்எஸ்டி, ஸ்விஃப்ட், ப்ரைம் எல்லாம் இந்த வகையில் பெயர் தெரிந்தவை.

இரண்டாவது வகையில் நீங்களே கடன் வாங்கியோ கைக்காசு போட்டோ எங்காவது படித்து லைசென்ஸ் எடுத்துவிடுகிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பெனி அந்தப் பீஸை மாதம் இவ்வளவு என்று திருப்பிக் கொடுக்கும். வேலையை விட்டால் மாதத் தொகை நின்றுவிடும், அவ்வளவுதான். கம்பெனிக்கு நீங்கள் கடன்பட்டவர் இல்லை. ஆனால் பள்ளிக்கோ வங்கிக்கோ கட்ட வேண்டியது உங்கள் தலையில்தான் இருக்கும்.

மூன்றாவது வகையில் முதல் நாளிலிருந்தே ஊழியராக எடுத்துக்கொண்டு சம்பளம் கொடுத்தே படிக்க வைப்பார்கள். விஸ்கான்சினில் இருக்கும் ரோல் அப்படித்தான் விளம்பரம் செய்கிறது. இதிலும் இவ்வளவு காலம் ஓட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் பொதுவாக இருக்கும்.

போனில் பேசும் ரிக்ரூட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த மூன்றில் உங்களுடையது எது என்பதைத்தான்.

கம்பெனி ஏன் நமக்காகச் செலவு செய்கிறது? அவ்வளவு நல்லவர்களா?

ஆள் நிற்பதில்லை, அதனால்தான். நெடுந்தூரம் ஓட்டும் பெரிய கம்பெனிகளில் வருஷத்துக்கு 90 சதவீதத்தைச் சுற்றி ஆட்கள் மாறுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. வாரக்கணக்கில் வீட்டுக்குப் போக முடியாத வேலை, புதியவர்களுக்குச் சம்பளமும் குறைவு, அனுபவம் கிடைத்ததும் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே புது ஆட்களை வரவழைத்துக்கொண்டே இருக்க வேண்டும், வந்தவர்களை ஒரு வருஷமாவது பிடித்து வைக்கவும் வேண்டும். பள்ளியும் ஒப்பந்தமும் சேர்ந்து இந்த இரண்டு வேலையையும் செய்கின்றன. இதில் தப்பு ஒன்றும் இல்லை, உங்களுக்கும் லைசென்ஸ் கிடைக்கிறது. ஆனால் தானதர்மம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

வெளியே படித்தால் எவ்வளவு ஆகும்? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே.

தனியார் பள்ளிகளில் சுமார் 4,000 முதல் 10,000 டாலர் வரை. கம்யூனிட்டி காலேஜில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு, ஆனால் வகுப்பு தொடங்கும் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். படிப்பு முழுநேரமாக மூன்று நான்கு வாரம்.

2022 பிப்ரவரி 7 முதல், ட்ரக் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவின் பதிவேட்டில் இருக்கும் பயிற்சியாளரிடம் படித்தால்தான் முதல் தடவை சிடிஎல் ஓட்டுத் தேர்வுக்கே போக முடியும். மாமா பையனிடம் பழகிக்கொண்டு நேராகப் போய்த் தேர்வு எழுதும் காலம் முடிந்துவிட்டது. 2025 டிசம்பரில் சுமார் 3,000 பயிற்சி நிறுவனங்களை அந்தப் பதிவேட்டிலிருந்து நீக்குவதாக அரசு அறிவித்தது. அதனால் எங்கே சேர்ந்தாலும், அது கம்பெனிப் பள்ளியாகவே இருந்தாலும், பெயர் இன்றைக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பதிவேடு எல்லோரும் பார்க்கும்படி இணையத்திலேயே இருக்கிறது.

பள்ளிக்குள் கால் வைப்பதற்கு முன் கைக்காசு எவ்வளவு போகும்?

டிஓடி (மத்திய போக்குவரத்துத் துறை) மெடிக்கல் என்கிற உடல் பரிசோதனைக்கு 75 முதல் 150 டாலர் வரை. சில கம்பெனிகள் தாங்களே கட்டிவிடும், சிலது பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். சர்டிபிகேட் அதிகபட்சம் 24 மாதம் செல்லும். பிரஷர் 140/90ஐத் தாண்டினால் காலத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள். நம் ஆட்களில் சர்க்கரை அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: இன்சுலின் போட்டாலே ஓட்ட முடியாது என்பது பழைய கதை, 2018இல் விதியை மாற்றிவிட்டார்கள், உங்களைக் கவனிக்கும் டாக்டர் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். உடல் எடை அதிகம், குறட்டை பலம் என்றால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். அந்தப் பரிசோதனை இன்சூரன்ஸ் இல்லாமல் பல நூறு டாலர் பிடிக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் உள்ளூரிலேயே முடித்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் பெர்மிட். எழுத்துத் தேர்வு முடித்து வாங்கும் இந்தப் பழகுநர் உரிமத்துக்கு மாநிலத்தைப் பொறுத்துச் சில பத்து டாலர்கள். பிறகு சிடிஎல் கட்டணம் தனி. பெர்மிட் வாங்கி 14 நாள் ஆனால்தான் ஓட்டுத் தேர்வு எழுத முடியும், இது சட்டம். அதனால் ஊரிலேயே பெர்மிட் எடுத்துக்கொண்டு வரச் சொல்லும் பள்ளிக்குப் போனால் மோட்டலில் சும்மா இருக்கும் நாட்கள் குறையும்.

வேறு மாநிலத்துப் பள்ளியில் படித்துத் தேர்வு எழுதலாம், முடிவு உங்கள் மாநிலத்துக்கு வந்துவிடும், அங்கே கட்டணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். சில கம்பெனிகள் பள்ளி இருக்கும் மாநிலத்துப் பெர்மிட்டை எடுக்க வைப்பார்கள். அப்படியானால் இரண்டு மாநிலத்துக்கும் பீஸ் கட்ட வேண்டியிருக்கும்.

போகிற பஸ், தங்குகிற ரூம், சாப்பாடு?

பஸ் டிக்கெட் பெரும்பாலும் கம்பெனி எடுத்துக் கொடுக்கும். போவதற்கு மட்டும்! திரும்பி வர என்றால் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். மெடிக்கலிலோ போதைமருந்துப் பரிசோதனையிலோ முதல் இரண்டு நாளில் திருப்பி அனுப்பப்படும் ஆட்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருப்பார்கள், ஆயிரம் மைல் தள்ளி கையில் காசில்லாமல் நிற்கிற நிலைமை யாருக்கும் வரலாம். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தொடாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரூம் என்பது மோட்டல், ஒரு ரூமில் இரண்டு பேர். சில இடங்களில் கம்பெனியே விடுதி வைத்திருக்கும். ரூம் இலவசமா, இல்லை ஒப்பந்தத் தொகைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். இரண்டும் நடக்கிறது. சாப்பாட்டுக்குச் சில கம்பெனிகள் மதியம் மட்டும் கொடுக்கும், சிலது அதுவும் கிடையாது. மோட்டலில் மைக்ரோவேவ் இருந்தால் ஒரு சின்ன ரைஸ் குக்கரோடு சமாளித்துவிடலாம், வெளியே வாங்கியே சாப்பிட்டால் வாரம் 150 டாலர் சாதாரணமாகக் கரையும்.

படிக்கிற மூன்று நான்கு வாரம் சம்பளம் உண்டா?

பழைய பாணிப் பள்ளிகளில் கிடையாது. சிலர் வாரம் கொஞ்சம் முன்பணம் கொடுப்பார்கள். அதைக் கையில் வாங்கும்போது சம்பளம் போலவே இருக்கும், ஆனால் கடன், பிறகு பிடித்தத்தில் போய்விடும். சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. விளம்பரத்தில் "பயிற்சியின்போது சம்பளம்" என்று இருந்தால் அது பள்ளிக் காலத்துக்கா, அதற்கு அடுத்து ட்ரெய்னரோடு ட்ரக்கில் போகும் காலத்துக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முக்கால்வாசி இடங்களில் இரண்டாவதைத்தான் சொல்கிறார்கள்.

ட்ரெய்னரோடு போகும் காலத்தில் எவ்வளவு கிடைக்கும்?

லைசென்ஸ் வந்ததும் தனியாக ட்ரக்கைக் கொடுத்துவிட மாட்டார்கள். நான்கிலிருந்து எட்டு வாரம், சில இடத்தில் அதற்கும் மேல், ஒரு ட்ரெய்னரோடு ஒரே ட்ரக்கில் இருக்க வேண்டும். சிலர் வாரக் கணக்கில்லாமல் இத்தனை ஆயிரம் மைல் முடிக்க வேண்டும் என்பார்கள். சம்பளம் வாரத்துக்கு இவ்வளவு என்று நிலையாக இருக்கும், 500 முதல் 700 டாலர் என்பது பரவலாகக் காணும் தொகை. சில இடங்களில் நீங்கள் ஓட்டிய மைலுக்கு மட்டும்.

நீங்கள் ஓட்டும்போது ட்ரெய்னர் பின்னால் படுத்துத் தூங்குகிறார், அவர் ஓட்டும்போது நீங்கள் தூங்குகிறீர்கள் என்றால் அதற்குப் பெயர் டீம் ஓட்டம். பயிற்சி என்று சொன்னாலும் கம்பெனிக்கு இரண்டு டிரைவர் வேலை நடக்கிறது. ஓடுகிற வண்டியில் படுக்கையில் அடைந்து கிடக்கும் நேரம் வேலை நேரமா இல்லையா என்று சிஆர்எஸ்டி மீது பயிற்சி டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 டிசம்பரில் பாஸ்டனில் இருக்கும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் போகும் படுக்கை நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் கணக்கிட வேண்டும் என்று சொன்னது. எல்லா மாநிலத்தையும் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை என்றாலும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு. இன்னொன்று, ட்ரக் டிரைவர்களுக்கு மத்திய சட்டப்படி ஓவர்டைம் கிடையாது. வாரம் 70 மணி நேரம் உழைத்தாலும் ஒன்றரை மடங்குப் பேச்சே இல்லை.

பாதியில் விட்டுவிட்டு வந்தால்?

ஒப்பந்தத்தில் போட்ட தொகையைத் திருப்பிக் கேட்பார்கள். ஒப்பந்தக் காலம் 8 மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை பொதுவானது, அதற்கு மேலும் உண்டு. தொகை சில ஆயிரம் டாலர்கள். இதில் பார்க்க வேண்டியது, வேலை செய்த மாதங்களுக்கு ஏற்றபடி கழித்துக்கொண்டே வருகிறார்களா என்பது. 12 மாத ஒப்பந்தம், 6,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 500 கழிந்தால், ஒன்பது மாதம் முடித்துவிட்டு விடும் ஆள் 1,500 கட்டினால் போதும். கழிக்காத ஒப்பந்தத்தில் பதினோராவது மாதம் விட்டாலும் முழு 6,000. இதுபோக வட்டி, வசூல் ஏஜென்சிக் கட்டணம் எல்லாம் எழுதியிருப்பார்கள்.

கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கலாமா என்பது மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது. சில மாநிலங்கள் தாராளமாக விடும், சிலது எழுத்துமூல சம்மதம் இருந்தால் மட்டும்தான் விடும். அந்தச் சம்மதத்தைத்தான் முதல் நாள் கொடுக்கும் காகிதக் கட்டில் நடுவில் வைத்திருப்பார்கள்.

பணம் தவிர வேறொரு சிக்கலும் உண்டு. ட்ரக் துறையில் டிஏசி ரிப்போர்ட் என்று ஒன்று சுற்றும், ஹயர்ரைட் என்ற நிறுவனம் வைத்திருக்கிறது, பழைய கம்பெனி உங்களைப் பற்றி எழுதுவது அதில் இருக்கும். ஒப்பந்தத்தை முறித்துவிட்டுப் போனார் என்று வந்தால் அடுத்த கம்பெனி யோசிக்கும். வருஷத்துக்கு ஒரு பிரதி உங்களுக்கு இலவசம், தப்பாக இருந்தால் மறுத்து எழுதலாம். அதுவும் போதாதென்று சில கம்பெனிகள், தங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் டிரைவரை எடுத்துக்கொண்ட மற்ற கம்பெனியின் மேலேயே வழக்குப் போட்டிருக்கின்றன. சிஆர்எஸ்டி அப்படி ஸ்விஃப்ட் மீதும் ட்ரான்ஸ்ஆம் மீதும் போட்டது. அதனால் ஒப்பந்தம் முடியாத ஆளை எடுக்கச் சில இடங்களில் பயப்படுகிறார்கள்.

நான் விடவில்லை, அவர்களே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அப்போதும் கட்ட வேண்டுமா?

பல ஒப்பந்தங்களில் ஆமாம். விபத்து, பரிசோதனையில் தோல்வி, விதிமீறல் என்று "காரணத்தோடு" நீக்கினால் தொகை முழுதும் உங்கள் தலையில். காரணமே இல்லாமல் ஆட்குறைப்பு செய்தால் என்ன என்று சிலதில் ஒரு வார்த்தை இருக்காது. எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான்.

இது நம் ஊர் கொத்தடிமை முன்பணம் மாதிரி இல்லையா?

செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியவரால் இடத்தை விட்டே போக முடியாது. இங்கே நாளைக்கே சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம், யாரும் தடுக்க முடியாது, லைசென்ஸும் உங்களுடையது. கடன் மட்டும் பின்னாலேயே வரும். ஆனால் விட முடியாதபடி கட்டிப்போடுகிறது என்ற விமர்சனம் அமெரிக்காவிலேயே பலமாக இருக்கிறது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் இந்தவகைக் கடன்களைப் பற்றி விசாரணை தொடங்கி அடுத்த ஆண்டு அறிக்கையும் வெளியிட்டது. கலிபோர்னியா, ஏபி 692 என்ற சட்டத்தின்படி 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் "இரு, இல்லையேல் கட்டு" வகை ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் தடை செய்திருக்கிறது, சில விதிவிலக்குகளோடு. அங்கே வேலை செய்யப் போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசினால் நல்லது.

பீஸே இல்லையென்றால் அப்புறம் என்ன செலவு? எதற்கு இவ்வளவு பயமுறுத்தல்?

ஏனென்றால் பெரிய செலவு ரசீதில் வராது. கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் பார்ப்போம்.

நெடுந்தூர டிரைவருக்கு மைல் கணக்கில் சம்பளம். ஒரு வருஷம் ஓரளவு ஒழுங்காக ஓடினால் ஒரு லட்சம் மைல் சுற்றி வரும். கம்பெனியிலேயே படித்தவருக்கு முதல் வருஷம் மைலுக்கு 5 சென்ட் குறைவு என்றால் வருஷத்துக்கு 5,000 டாலர் போய்விட்டது. 10 சென்ட் குறைவு என்றால் 10,000. இதன்மேல் வாரம் 50 டாலர் பள்ளிப் பிடித்தம் வேறு இருந்தால் வருஷத்துக்கு 2,600. வெளியே 5,000 கொடுத்துப் படித்திருந்தால் முடிந்திருக்கும் கதை இங்கே ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரை நீண்டுவிடுகிறது. அதுவும் உங்களுக்குத் தெரியாமலே, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக.

அதற்காக வெளியே படிப்பதுதான் எப்போதும் லாபம் என்று சொல்ல வரவில்லை. வெளியே படித்தவருக்கும் முதல் வருஷம் அனுபவம் இல்லாததால் பெரிய சம்பளம் கிடைக்காது, சில கம்பெனிகளில் இரண்டு பேருக்கும் ஒரே ரேட். ஒரே கம்பெனியிடமே கேட்டுப் பாருங்கள்: உங்கள் பள்ளியில் படித்தவருக்கு முதல் வருஷம் மைலுக்கு எவ்வளவு, வெளியே படித்துப் புதிதாக வருபவருக்கு எவ்வளவு? அந்த வித்தியாசத்தை ஒரு லட்சத்தால் பெருக்கி, பிடித்தத்தையும் கூட்டினால் வருவதுதான் உண்மையான பள்ளிக் கட்டணம். எனக்குத் தெரிந்து இந்த ஒரு கணக்கைப் போடாமல்தான் பெரும்பாலானோர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இதோடு வருமானம் இல்லாத வாரங்களையும் சேர்க்க வேண்டும். இப்போது வாரம் 700 டாலர் வரும் வேலையில் இருக்கிறீர்கள் என்றால் நான்கு வாரம் சம்பளமில்லாப் படிப்புக்கு 2,800 போச்சு. வீட்டு வாடகை, கார் தவணை, போன் பில் எதுவும் நீங்கள் ட்ரக் படிக்கப் போயிருக்கிறீர்கள் என்று நிற்காது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டிய வீடு என்றால் இன்னும் கூடும். ஒரு பொதுவான அளவுகோலுக்காகச் சொல்கிறேன்: கனரக டிராக்டர் டிரெய்லர் டிரைவர்களின் நடு ஊதியம் 2024 மே கணக்குப்படி ஆண்டுக்கு 57,440 டாலர். இது அனுபவம் உள்ளவர்களையும் சேர்த்த எண். முதல் வருஷம் இதற்குக் கீழேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு குடும்பக் கணக்கைப் போடுங்கள்.

மைல் கணக்கில் வேறு ஏதாவது சூது உண்டா?

சூது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் மீட்டர் காட்டும் மைலுக்கும் சம்பளம் கொடுக்கும் மைலுக்கும் வித்தியாசம் இருக்கும், பல இடங்களில் ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள கணக்குத் தூரத்துக்குத்தான் காசு. சரக்கு ஏற்ற இறக்கக் காத்திருக்கும் நேரத்துக்கு எப்போதிலிருந்து, எவ்வளவு என்றும் கேளுங்கள்.

சொந்தக் காசும் இல்லை, ஒப்பந்தமும் வேண்டாம். வேறு வழி?

இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2014இல் வந்த டபிள்யூஐஓஏ என்ற சட்டத்தின் கீழ் வேலையிழந்தவர்கள், குறைந்த வருமானக்காரர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்தை அரசே கொடுக்கும். உங்கள் ஊர் அமெரிக்கன் ஜாப் சென்டரில் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் பட்டியலில் உள்ள பள்ளியாக இருக்க வேண்டும், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சேர்ந்த பிறகு போனால் கையை விரிப்பார்கள். காகித வேலைக்குச் சில வாரங்கள் இழுக்கும். அந்தப் பொறுமை இருந்தால், என்னைக் கேட்டால், இதுதான் முதலில் முயன்று பார்க்க வேண்டிய வழி. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு ஜிஐ பில் என்ற கல்வி உதவி தனியாக உண்டு.

ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு எழுதினால் பரவாயில்லையா?

லைசென்ஸில் "ஈ" என்ற கட்டுப்பாடு விழும், கியர் வண்டி ஓட்டக் கூடாது. கம்பெனிப் பள்ளிகளில் இப்போது பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான். பெரிய கம்பெனிகளிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் கவலை இல்லை. பிறகு உள்ளூர் மணல் வண்டி, கட்டுமான வண்டி என்று போக நினைத்தால் அதை நீக்க மறுபடி ஓட்டுத் தேர்வு, அதற்கு வண்டி வாடகை என்று செலவு வரும்.

போதைமருந்துப் பரிசோதனைக்கு யார் காசு?

வேலைக்கு எடுப்பதற்கான பரிசோதனைக்குக் கம்பெனிதான் பெரும்பாலும் கொடுக்கும். ஆனால் தோற்றால் வரும் செலவு முழுக்க உங்களுடையது. மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரி என்பது இங்கே செல்லாது, இது மத்திய விதி. சில கம்பெனிகள் தலைமுடியை எடுத்துப் பார்க்கும், சுமார் 90 நாள் பழையது வரை தெரிந்துவிடும். மத்திய விதிப்படி நடக்கும் பரிசோதனையில் தோற்றால் 2020 முதல் அது கிளியரிங்ஹவுஸ் என்ற மத்திய பதிவேட்டில் ஏறிவிடுகிறது, 2024 நவம்பர் முதல் அதில் தடையில் இருப்பவரின் சிடிஎல்லையே மாநிலம் பறித்துவிடும்.

பயிற்சி முடிந்ததும் "சொந்தமாக ட்ரக் எடுத்துக்கொள்" என்கிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம். லீஸ் பர்ச்சேஸ் என்று ஒரு வண்டியை உங்கள் தலையில் கட்டுவார்கள். வாரத் தவணை, டீசல், பழுது, இன்சூரன்ஸ் எல்லாம் உங்கள் கணக்கில். சரக்கை ஒதுக்குவது மட்டும் அவர்கள். சரக்கு குறைந்த வாரத்தில் சம்பளச் சீட்டு கழித்தலில் வந்து நிற்கும். இதை ஆராய அரசு அமைத்த பணிக்குழு 2025 ஜனவரியில், இந்தத் திட்டங்களைத் தடை செய்யச் சொல்லியே பரிந்துரை கொடுத்தது. நேற்று லைசென்ஸ் எடுத்த ஆளுக்கு இது ஏற்ற விளையாட்டே இல்லை.

என்னென்ன வாங்க வேண்டும்?

நல்ல பூட்ஸ், கையுறை, டார்ச், படுக்கை விரிப்பு, மழைச் சட்டை, காகித சாலை வரைபடப் புத்தகம். 200 டாலருக்குள் முடிக்கலாம். ட்ரக்குக்கான தனி ஜிபிஎஸ் 300 டாலருக்கு மேல் போகும், அதைத் தனி வண்டி கைக்கு வரும்வரை தள்ளிப்போடுங்கள். ஆனால் கார் ஜிபிஎஸை நம்பி ட்ரக் ஓட்டாதீர்கள், தாழ்வான பாலம் அதற்குத் தெரியாது. வண்டிக்குள் வைக்கும் சின்ன பிரிட்ஜும் தனி வண்டி வந்த பிறகு. ட்ரக் ஸ்டாப்பில் குளிக்க 15 டாலருக்கு மேல் கேட்பார்கள், டீசல் போட்டால் வரும் புள்ளிகளில் இலவசமாகக் கிடைக்கும். பயிற்சியில் அந்தப் புள்ளிகள் ட்ரெய்னரிடம் இருக்கும், குளியலைக் கொடுக்கச் சொல்லி முதல் நாளே பேசிவிடுங்கள்.

இந்தச் செலவையெல்லாம் வரியில் கழிக்கலாமா?

சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றால் முடியாது. ஊழியர்கள் கைக்காசு செலவைக் கழிக்கும் வசதி 2018இல் போய்விட்டது, 2025 சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது) இருக்கிறேன், வேலை அனுமதி அட்டை இருக்கிறது. சேரலாமா?

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் சிக்கல் இல்லை. மற்றவர்களுக்குக் கிடைப்பது "நான்-டொமிசைல்ட்" (வெளிநாட்டை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவருக்கான) சிடிஎல், அதில்தான் இப்போது பெரிய இழுபறி. 2025 செப்டம்பரில் கொண்டுவந்த அவசர விதி, வேலை அனுமதி அட்டை மட்டும் போதாது, எச்-2ஏ, எச்-2பி (தற்காலிக வேலையாட்கள்), ஈ-2 (முதலீட்டாளர்கள்) விசாக்காரர்களுக்கு மட்டும்தான் என்று சுருக்கியது. அதன்மேல் நீதிமன்ற வழக்குகளும் வந்தன. லைசென்ஸ் கொடுக்கும் உங்கள் மாநில டிஎம்வி அலுவலகத்திடம் இன்றைய நிலைமை என்ன என்று கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு யாருக்காவது காசு கொடுங்கள் அல்லது கையெழுத்துப் போடுங்கள். ரிக்ரூட்டர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பதை நம்பி வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். ஆங்கிலமும் பார்க்கிறார்கள்: 2025 ஜூன் முதல், சாலையில் நிறுத்திப் பேசும்போது ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால், பலகைகள் புரியாவிட்டால், வண்டியை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வயதும் ஒரு விஷயம். மாநில எல்லை தாண்டி ஓட்ட 21 முடிந்திருக்க வேண்டும், 18 வயதில் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்.

கடைசியாக, கையில் எவ்வளவு இருந்தால் கிளம்பலாம்?

வீட்டுச் செலவுக்கு இரண்டு மாதப் பணம் வீட்டில். உங்கள் பையில் சாப்பாடு, கட்டணங்கள், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் சேர்த்து 1,000 டாலர், சம்பளமில்லாப் பள்ளி என்றால் 1,500. லைசென்ஸ் கிடைத்த நாளுக்கும் முதல் முழுச் சம்பளம் வரும் நாளுக்கும் நடுவில் ட்ரெய்னர் கிடைக்கக் காத்திருக்கும் ஒரு வாரம் இரண்டு வாரம் வரும், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள். "இங்கே வந்த பிறகுதான் தருவோம்" என்றால், பஸ் ஏறாதீர்கள்.